வாடகைக்கு விடுமுன்: உப்புக்குளத்து வீடொன்றின் கணக்கு

"எத்தனை பேர்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "ஆறு பேர்" என்றார் வாப்பா. நாங்கள் ஒன்பது பேர். 1991 ஆம் ஆண்டின் தொடக்கம், புத்தளம் நகரம். மூத்தம்மாவும் நாங்கள் ஐந்து பேரும் ஆறு. கைம்பெண்ணான சாச்சியும் அவரது இரண்டு பிள்ளைகளும் கணக்கில் வராமல் கல்பிட்டியில் கிடுகுக் கொட்டிலில் இருந்தார்கள். மூன்றாம் நாள் இரவு அவர்களும் வந்து சேர்ந்தார்கள். வாப்பா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். அதற்கு முன் நான்கு வீடுகளில் "அகதிகளுக்குக் குடுக்கிறதில்ல" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

இன்று நான் அந்த வீட்டுக்காரரின் இடத்தில் இருக்கிறேன். மன்னார் உப்புக்குளத்தில் உம்மாவின் வீட்டையும், அதன் பின்வளவில் பிறகு கட்டிய இரண்டு அறைகளையும் பதின்மூன்று வருடமாக வாடகைக்கு விட்டு வருகிறேன். யாராவது வந்து வீடு கேட்டால் என் வாயிலும் முதலில் வருவது அதே "எத்தனை பேர்?"தான்.

ஆய்வும் இலக்கியமும் பேசும் ஏட்டில் வாடகை வீட்டுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். மீள்குடியேற்றம் பற்றி நிறைய எழுதிவிட்டோம். திரும்பி வந்த வீட்டை வைத்து நாம் என்ன செய்கிறோம் என்று எழுதியது குறைவு. பிள்ளைகளின் படிப்பு புத்தளத்தில், வளவு மன்னாரில், மகன் கட்டாரில் என்று ஒரு குடும்பம் மூன்று இடத்தில் கிடக்கும் நிலையில், எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் மூர்வீதியிலும் எத்தனையோ வீடுகளுக்கு வாடகைக்காரர்தான் விளக்கேற்றுகிறார். பூட்டிக் கிடக்கிற வீட்டைக் கடற்காற்றும் கறையானும் தின்றுவிடும். ஆகவே வாடகைக்கு விடுவது நல்லது. அதை எப்படி விடுவது என்பதில்தான் நாம் மறுபடி மறுபடி தவறுகிறோம்.

வாடகைக்காரர் எப்படிப்பட்டவர் என்று விசாரிப்பதற்கு முன், விடுகிறவர் தன்னை விசாரிக்க வேண்டும். வீடு யாருடையது? அதைக் காட்ட என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி எழுந்த விதத்தைச் சொல்லுகிறேன்.

1990 அக்டோபர் இறுதியில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவிலிருந்து எங்களைப் போல் பலர் வள்ளங்களில் கல்பிட்டிக் கரைக்கு வந்தோம். உம்மா உறுதியை எடுக்கவில்லை. எடுத்தது தேயிலைப் பையும் மூத்தம்மாவின் மருந்தும். 2003 இல், போர்நிறுத்த காலத்தில், வாப்பாவும் நானும் வீட்டைப் பார்க்கப் போனோம். உள்ளே ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. அவர்களும் பெருநிலப்பரப்பில் ஷெல்லடிக்குத் தப்பி வந்தவர்கள்தான். அந்த வீட்டுப் பெண் எங்களைப் பார்த்ததும் முகம் வெளிறி, "நானா, உங்கட அம்மியைப் பத்திரமா வச்சிருக்கிறன்" என்றார். வாப்பா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "இருங்க பிள்ள. நாங்க வாறப்போ பாத்துக்குவம்" என்றார். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தோம். ஒரு துண்டுக் கடிதம் எழுதவில்லை. எழுதச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை, அகதி அகதியிடம் கையெழுத்துக் கேட்பது அசிங்கம் என்று பட்டது.

2010 இல் மீண்டபோது அந்தப் பெண்ணின் கணவர் இறந்திருந்தார். மூத்த மகன் வளர்ந்து ஆளாகியிருந்தான். "பத்து வருசத்துக்கு மேல இருக்கிறம், எங்களுக்கு உரிமை இருக்காம்" என்றான். யாரோ சொல்லிக் கொடுத்தது. முழுப் பொய்யும் இல்லை.

1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு அவன் சொன்னதன் மூலம். பிறர் காணியை, உரிமையாளரின் உரித்தை ஏற்காமல், அவருக்கு எதிராகவோ அவரைச் சாராமலோ, பத்து ஆண்டு இடையூறின்றித் தொடர்ச்சியாக ஆண்டவர் அதைத் தனதென்று நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெறலாம். ஆனால் 'எதிராக' என்ற சொல்லில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. வாடகைக்கோ அனுமதியின் பேரிலோ வந்து இருப்பவர் உரிமையாளருக்கு எதிராக ஆள்பவர் அல்ல. அவர் எத்தனை ஆண்டு இருந்தாலும், உரிமையாளருக்குத் தெரியும்படி வெளிப்படையாக நிலைமாறாத வரை, அந்தக் கணக்கு ஓடாது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 116 ஆம் பிரிவும், வாடகைக்கு வந்தவர் குடியிருக்கும் காலத்தில், வரும்போது வீட்டுக்காரருக்கு உரித்து இருந்ததை மறுக்க முடியாது என்கிறது. ஆக, வாப்பா சொன்ன "இருங்க பிள்ள" என்ற ஒரு வார்த்தை சட்டப்படி எங்கள் வீட்டைக் காத்து நின்றது. அதை நிரூபிக்கத்தான் எங்களிடம் எதுவும் இல்லை.

இடம்பெயர்ந்தோருக்காகப் பின்னர் 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை தம் காணிக்கு வழக்காட முடியாமற் போனவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தை எண்ணக்கூடாது என்பது அதன் சாரம். நல்ல சட்டம். ஆனால் வழக்குப் போட அது கொடுத்தது இரண்டே ஆண்டு. நம்மில் பலர் அதைக் கேள்விப்படும்போது வாசல் மூடியிருந்தது.

எங்கள் விடயம் வழக்குக்குப் போகவில்லை. உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் எடுத்தோம். ஒரு நொத்தாரிசு இரு தரப்பையும் இருத்திப் பேசினார். அந்தப் பெண் மகனைப் பார்த்து, "அந்த ஐயா இருக்கச் சொல்லித்தானே இருந்தனாங்கள்" என்றார். அவ்வளவுதான், மகன் தலையைக் குனிந்துகொண்டான். உரிமையாளர்களின் அனுமதியுடன் இருக்கிறோம், இனிச் சிறு வாடகை தருகிறோம், 2011 முடிவில் வெளியேறுகிறோம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். 2012 நோன்புக்குச் சற்று முன் போனார்கள். ஆறேழு மாதம் பிந்தியது. அவர்களின் வீடு கூரை வரை எழும்ப வேண்டியிருந்தது, பொறுத்தோம். அம்மி இப்போது என் தங்கை வீட்டில்.

அந்தப் பெண்ணின் நேர்மையில் பிழைத்தோம் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. எல்லா வீட்டிலும் அப்படியொரு பெண் இருக்கமாட்டார்.

அடுத்தது, எனக்கே வெட்கம் தந்த பாடம். நொத்தாரிசு கேட்டார்: "உரிமையாளர்கள் என்று யார் யார் கையெழுத்து வைக்கிறது?" நான் என் பெயரைச் சொன்னேன். அவர் சிரித்தார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு சீதனமாக வருவது வழக்கம். உறுதி உம்மாவின் பெயரில். உம்மா 2006 இல் புத்தளத்தில் மௌத்தானார். 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் மரணசாதனமிலா வழியுரிமைக் கட்டளைச் சட்டப்படி நமக்கு நமது மார்க்கப் பங்குதான். வாப்பாவுக்குக் கால் பங்கு. மீதி முக்காலில் எனக்கு ஒரு தங்கையின் பங்கைப் போல் இரண்டு மடங்கு. பதினாறாகப் பிரித்தால் வாப்பாவுக்கு 4, எனக்கு 6, தங்கைகள் இருவருக்கும் மும்மூன்று. வாடகைக் காசும் அதே பதினாறில்தான் பிரிய வேண்டும். வீட்டுத் திருத்தச் செலவும் அப்படியே.

நம் ஊர்களில் இந்தப் பதினாறை எத்தனை பேர் எண்ணுகிறார்கள்? ஆண்பிள்ளை வாடகையை வாங்குவான். பெருநாளுக்குத் தங்கைக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுப்பான். தங்கை கேட்கமாட்டாள், கேட்டால் "காக்காவோட காசுக்குச் சண்டை" என்று பெயர் வரும். நானும் முதல் வருடம் அப்படித்தான் இருந்தேன். பிறகு ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, அடியில் பங்கு என்று எழுதத் தொடங்கினேன். தங்கைகளின் கணக்குக்கு மாதாமாதம் அனுப்புகிறேன். வாடகைக்காரரை நாணயமானவரா என்று தேடும் நாம் இந்தக் கொப்பியைத் திறந்துவைக்கத் தயாரா என்பதே என் முதல் விசாரணை. வாப்பா மௌத்தான பிறகு பங்கு மறுபடி மாறியது. அதையும் எழுதியாயிற்று.

வெளிநாட்டில் இருக்கும் பங்காளி அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பலாம். அது இல்லாமல் "அவன் ஒண்டும் சொல்லமாட்டான்" என்று விடுவது பிறகு அண்ணன் தம்பிச் சண்டையாய் முடியும். பள்ளிக்கு வக்பு செய்த வீடென்றால் தனிமனிதர் யாரும் தீர்மானிக்க முடியாது. 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்க வக்புச் சட்டத்தின் கீழ் நம்பிக்கைப் பொறுப்பாளர்கள்தான் பொறுப்பு.

இனி வருபவரைப் பார்ப்போம். மன்னாரில் வீடு தேடி வருபவர்கள் பெரும்பாலும் இடமாற்றம் பெற்ற ஆசிரியர், ஆஸ்பத்திரி ஊழியர், வங்கிக்காரர். 2009 க்குப் பின் தொண்டு நிறுவனங்கள் வந்தன, நல்ல வாடகை தந்தன, சுவருக்கு வர்ணம் பூசிக் கொடுத்துவிட்டுப் போயின. அந்தப் பழக்கத்தில் ஊர் வாடகை ஏறி, இறங்க மறுத்து நின்றது. 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கு ரயில் மறுபடி ஓடத் தொடங்கியது. தீவின் தென்கரையில் காற்றாடிகள் எழும்பி, 2020 டிசம்பரில் தம்பபவனி திறக்கப்பட்டது. எந்திரிகளும் ஒப்பந்த வேலைக்காரரும் வந்தார்கள். மீன் பருவத்தில் தெற்கிலிருந்து வருபவர்கள் தங்கள் வாடிகளைக் கரையிலேயே போட்டுக்கொள்வார்கள், அவர்கள் வீடு தேடுவது அருமை.

நான் கேட்பவை அதிகம் இல்லை. அடையாள அட்டைப் பிரதி. வேலை செய்யுமிடத்துக் கடிதம், அல்லது கடையென்றால் நான் போய்ப் பார்ப்பேன். கடைசியாக இருந்த வீட்டுக்காரரின் தொலைபேசி இலக்கம். இந்த மூன்றாவதுதான் பொன். ஆனால் ஒரு தந்திரம் இருக்கிறது: இப்போதைய வீட்டுக்காரரை விட அதற்கு முந்தைய வீட்டுக்காரரிடம் கேளுங்கள். இப்போதையவர் ஆளை அனுப்பிவிடும் அவசரத்தில் "தங்கமான மனிசன்" என்பார். முந்தையவருக்கு இனி இலாபமும் இல்லை நட்டமும் இல்லை, உள்ளதைச் சொல்வார். கேட்க வேண்டியது மூன்றே: வாடகை நாளுக்கு வந்ததா, கரண்ட் பில் பாக்கி வைத்தாரா, போகும்போது வீடு எப்படி இருந்தது. எந்த ஊர், என்ன சாதி, எந்த மதம் என்று கேட்டு நான் ஒரு சதமும் மிச்சம்பிடித்ததில்லை.

இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. காற்றாடி வேலைக்கு வந்த சிங்களப் பொடியன் ஒருவன் அறை கேட்டபோது, தெருவில் இரண்டு பேர் வந்து "இதெல்லாம் தேவையா?" என்றார்கள். தனியாக இருக்கும் கிறிஸ்தவத் தாதி ஒருவர் கேட்டபோது அதே இருவரோடு இன்னும் மூவர் சேர்ந்தார்கள். "தனிப் பொம்பிளைக்கா குடுக்கப் போறீங்க?" புத்தளத்தில் எங்களைத் திருப்பி அனுப்பிய நான்கு வாசல்களும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கின்றன. அந்தத் தாதி நான்கு ஆண்டு இருந்தார். இரவு வேலை முடிந்து வரும்போது பக்கத்து வீட்டுக் கிழவிக்கு பிரஷர் பார்த்துக் கொடுப்பார். எதிர்த்த அதே ஆட்கள் அவர் போகும்போது நல்ல ஆள் போகிறதே என்று வருந்தினார்கள். ஆனால் எல்லோரும் நல்லவர்கள் என்று நான் கதை விடவில்லை. எனக்கு மிக அதிக நட்டம் தந்தவர் நம்மவர், தொழுகையாளி, தெரிந்தவரின் தெரிந்தவர். ஆகவே முந்தைய வீட்டுக்காரரை நான் விசாரிக்கவே இல்லை.

அவர் ஒரு வியாபாரி. ஒரு வருட வாடகையை முற்பணமாக மேசையில் வைத்தார். கட்டுக்காசைக் கண்டதும் கேள்விகள் எனக்கு மறந்துபோயின. மூன்று மாதத்தில் அவர் அந்த வீட்டில் இல்லை. எட்டு வேலைக்காரர்களை வைத்து ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டிருந்தார். மலசலகூடக் குழி நிரம்பியது. கரண்ட் பில் என் உம்மாவின் பெயரில் ஏறிக்கொண்டே போனது. வருடம் முடிந்தும் எழும்பவில்லை. ஒரு நாள் ஆத்திரத்தில் மைத்துனன் கடப்பாரையோடு வந்துவிட்டான், பூட்டை உடைப்போம் என்று. சட்டத்தரணி ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "உடைச்சா நீங்கதான் உள்ள போவீங்க" என்றார்.

அவர் விளக்கியது இது: 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவில், காணிப் பிணக்கால் அமைதிக்குப் பங்கம் வரும் என்று பொலிஸ் வழக்கிட்டால், நீதிவான் உரித்தைப் பார்க்கமாட்டார். வழக்கிட்ட அன்று யார் உள்ளே இருந்தார் என்று மட்டும் பார்ப்பார். அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால் அவரையே மீண்டும் உள்ளே விடுவார். உறுதி கையில் இருந்தும், பூட்டுடைத்த வீட்டுக்காரர் வெளியே நிற்க வேண்டிவரும். மைத்துனனின் கடப்பாரையை நானே வாங்கி வைத்துக்கொண்டேன். ஏழு மாதம் பேசி, பள்ளி நிருவாகத்தில் ஒருவரை இடையில் வைத்து, கடைசியில் போனார். பில்லில் பாதியை நான்தான் கட்டினேன்.

அதன் பிறகுதான் எழுத்து விடயத்தில் கண்டிப்பானேன். கடையில் விற்கும் படிவத்தில் இருவரும் கையெழுத்து வைத்து, இரண்டு சாட்சி போட்டுக்கொண்டால் போதும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒரு வருடம், இரண்டு வருடம் என்ற காலம் சட்டத்தில் நிற்காது. நடைமுறையில் மாத வாடகையாகவே அது கணிக்கப்படும். மாத வாடகைக்காரரை எழுப்ப முழுதாக ஒரு கலண்டர் மாத முன்னறிவித்தல் வேண்டும். 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், காலம் முடிந்தும் போகாதவரிடமிருந்து உடைமையை மீட்க மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்கமான வழியொன்றைத் திறந்திருக்கிறது. முறையாக எழுதிய குத்தகை உள்ளவருக்கே அந்த வழி. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்தை எண்ணிப் பயப்படுபவர்கள் இன்னும் உண்டு, "ஒருக்கா விட்டா எழுப்பேலாது" என்று. அது பழைய காலத்துக் கதை. 1980 க்குப் பிறகு கட்டி வாடகைக்கு விட்ட குடியிருப்பு வீடுகள் பெரும்பாலும் அதன் பிடிக்கு வெளியே. பழைய வீடு வைத்திருப்பவர்கள் மட்டும் சட்டத்தரணியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுதுவது நம்பாமை என்று நினைக்கிறவர்களுக்கு அல்பகராவின் 282 ஆம் வசனத்தை ஞாபகப்படுத்துவேன். குர்ஆனின் மிக நீண்ட வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றித்தான் பேசுகிறது, சாட்சி உட்பட. நமது ஷாபிஈ பிக்ஹில் இஜாராவுக்கு வாடகையும் காலமும் தெரிந்திருக்க வேண்டும். "இருங்க, பாத்துத் தாங்க" என்பது இஜாரா ஆகாது. வாடகைக்காரரின் கையில் வீடு அமானத். அவரது அலட்சியமில்லாமல் உடைந்ததற்கு அவரிடம் நட்டஈடு கேட்க முடியாது. வீட்டை இருக்கத் தக்கதாக வைப்பது நம் கடமை. இடையில் ஒருவர் மௌத்தானால் ஒப்பந்தம் முறியாது, வாரிசுகளோடு தொடரும். ஹனபிகள் இதில் வேறு கருத்துடையவர்கள்.

ஒற்றியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருவர் சில இலட்சத்தைக் கையில் தருவார், வாடகையில்லாமல் இருப்பார், போகும்போது முழுக்காசையும் வாங்கிக்கொள்வார். நம் ஊர்களில் இது சர்வ சாதாரணம். கடன் கொடுத்தவர் அந்தக் கடனால் ஒரு பயனை அனுபவிப்பது வட்டி என்பதே உலமாக்களில் பெரும்பாலோரின் நிலைப்பாடு. அதை விட்டாலும், அனுபவத்தில் நான் கண்டது: வாங்கிய இலட்சங்கள் மகளின் கல்யாணத்தில் கரைந்துவிடும். திருப்பிக் கொடுக்க இன்னொருவரிடம் ஒற்றி வாங்க வேண்டும். சொந்த வீட்டுக்குள் ஒருநாளும் கால்வைக்க முடியாத சொந்தக்காரரை எனக்குத் தெரியும். சிறியதானாலும் மாத வாடகையே மேல்.

கையளிக்கும் நாளில் நானும் வருபவரும் அறை அறையாக நடப்போம். கதவு, பூட்டு, மின்குமிழ், குழாய், மோட்டர் எல்லாம் கொப்பியில் எழுதி, தொலைபேசியில் படமெடுத்து, அவருக்கும் அனுப்பிவிடுவேன். மீற்றர் வாசிப்பை அன்றே எழுதுவேன். கரண்ட் பில் கட்டிய துண்டை மாதாமாதம் படமெடுத்து அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. சோலைவரியை எக்காரணம் கொண்டும் வாடகைக்காரரைத் தன் பெயரில் கட்ட விடாதீர்கள். நகரசபைப் பற்றுச்சீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கட்டும். பத்து ஆண்டு கழித்து யாராவது வழக்காடினால் அந்தத் துண்டுகள்தான் பேசும். ஆனால் வாடகைக்காரர் தன்னை வாக்காளர் இடாப்பில் பதிய, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கடிதம் கேட்டால் மறுக்காதீர்கள். வதிவிடத்தை ஒப்புக்கொள்வதால் உரித்துப் போகாது, "வாடகைக்கு இருக்கிறார்" என்று எழுதிக் கொடுத்தால் அதுவே உங்களுக்கும் சான்று. புத்தளத்தில் இப்படியொரு கடிதம் கிடைக்காமல் என் தங்கை ஒரு வருடம் பள்ளிக்கூடம் போகவில்லை.

பராமரிப்பில் மன்னாருக்கென்றே சில தொல்லைகள். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி இரண்டே வருடத்தில் பொரிந்துவிடும். நான் மரத்துக்கு மாறிவிட்டேன். கிணற்று நீர் சில வளவில் நல்லது, பக்கத்து வளவில் சவர். அதை வருபவரிடம் முன்னமே குடிக்கக் கொடுத்துச் சொல்லிவிடுவேன். மணல் தரை என்பதால் குழிநீர் வேகமாக ஓடும். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 50 அடி இருக்க வேண்டும் என்பார்கள். பழைய வளவுகளில் அது இல்லை. ஆகவேதான் "எத்தனை பேர்?" என்ற கேள்வி. ஆறு பேருக்கான குழியை ஒன்பது பேர் பாவித்தால் பாதிக்கப்படுவது கிணறு, பிறகு அதே ஒன்பது பேரின் வயிறு. இப்போது நான் எண்ணிக்கையைக் கேட்கும்போது காரணத்தையும் சேர்த்தே சொல்லுகிறேன். "கூடுதலாக ஆட்கள் வந்தால் சொல்லுங்கள், வீட்டை விட்டுப் போகச் சொல்லமாட்டேன், குழியை இறைப்பிக்க ஏற்பாடு செய்வோம்." அப்படிச் சொன்ன பிறகு உண்மை வருகிறது.

வாடகைக் காசு வருமானம், வரிக் கணக்கில் சேர்க்க வேண்டும். வீட்டின் பெறுமதிக்கு ஸகாத் இல்லை, வாடகையில் சேமித்தது நிஸாபை எட்டி ஒரு வருடம் கிடந்தால் நூற்றுக்கு இரண்டரை.

புத்தளத்து வீட்டுக்காரரைப் பற்றி விட்டுவிட்டேன். 1993 இல் நாங்கள் அந்த வீட்டை விட்டுப் போகும்போது வாப்பா சாவியைக் கொடுத்துவிட்டு, "ஆறு பேர் எண்டு பொய் சொன்ன நான், மன்னிச்சுக்கோங்க" என்றார். அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "நாலாம் நாள் காலைல வாசல்ல செருப்ப எண்ணினேன் நானா. குழிய ரெண்டுதரம் இறைச்சதும் நான்தானே."

இந்த மாதம் முன்வீடு காலியாகிறது. மட்டக்களப்புப் பக்கத்து ஆசிரியர் குடும்பம் ஒன்று கேட்டிருக்கிறது. ஐந்து பேர் என்றார்கள். மாமியாரும் வரக்கூடும் என்று அவர்களே சொன்னார்கள். தங்கைகள் இருவரும் வெள்ளிக்கிழமை கையெழுத்து வைக்க வருகிறார்கள்.